‘அவரேஜ்’ என்னும் சொல்லின் கதை

கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரின் திறமையை அளப்போரும், பாடசாலை மாணவரின் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்போரும், ஓராண்டின் மழைவீழ்ச்சியைக் கணிப்போரும் ஒருங்கே எடுத்தாளும் சொல் ‘அவரேஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்லாகும். தமிழிலே அதனைச் சராசரி என்பர். பல எண்களைக் கூட்டி, அவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் வருகின்ற எண்ணே அதன் பொருள் என்பது சிறுவரும் அறிந்தது. ஆனால், இதே சொல் கப்பற்சரக்குக் காப்புறுதிப் பத்திரம் ஒன்றிலே காணப்படுமாயின், அங்கே அதற்கு அப்பொருள் சிறிதுமில்லை. அங்கே அது கடலில் நேர்ந்த நட்டத்தைக் குறிக்கும். தீக்காப்புறுதிப் பத்திரத்தில் வருமாயின் இன்னொரு பொருள் தரும். அப்பொருளை அறியாது கையொப்பமிட்ட வணிகர், தமது கடை எரிந்த பின்னரே அதனை அறிந்துகொள்ள நேரிடும்.

ஒரு சொல் மூன்று இடங்களிலே மூன்று பொருள் தருவது புதுமையன்று. புதுமை யாதெனின், இம்மூன்று பொருள்களும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பதே. கடலிலே புயலுக்கு அஞ்சிச் சரக்கை எறிந்த மாலுமிகளிடமிருந்து கணித ஆசிரியரின் கரும்பலகை வரை அச்சொல் வந்த வழியை ஆராய்ந்தால், நட்டத்தை மனிதர் எவ்வாறு பங்கிட்டுக்கொண்டனர், யாரைப் பங்காளியாகக் கொண்டனர், யாரைச் சரக்காகக் கொண்டனர் என்னும் வரலாறும் உடன் வெளிப்படுகின்றது.

அச்சொல்லின் வேர் அரபு மொழியிலே உள்ளது என்பது மொழியியலார் பலரின் முடிவு. ‘அவார்’ என்னும் அரபுச் சொல் பழுது, சேதம் என்னும் பொருளுடையது. கடல்நீர் புகுந்து கெட்ட சரக்கு ‘அவாரிய்யா’ எனப்பட்டது. மத்தியதரைக் கடலின் தென்கரையில் அரபு வணிகரும் வடகரையில் இத்தாலிய வணிகரும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த காலத்திலே, இச்சொல் இத்தாலியத் துறைமுகங்களுக்குள் நுழைந்தது. 12ஆம் நூற்றாண்டிலே ஜெனோவா நகரத்துப் பத்திரங்களில் அது ‘அவாரியா’ என வழங்கியது. பிரெஞ்சு மொழியில் ‘அவாரி’ என்றும், ஸ்பானிய மொழியில் ‘அவெரியா’ என்றும், ஒல்லாந்தரின் மொழியில் ‘அவரை’ என்றும், யேர்மன் மொழியில் ‘ஹவரீ’ என்றும் அது உருமாறியது. ஆங்கிலத்திலே 15ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் புகுந்தபோது, ‘டேமேஜ்’ முதலிய சொற்களின் ஈற்றைப் பின்பற்றி ‘அவரேஜ்’ என்றாயிற்று.

சொல் பின்னர் வந்தது. அது குறித்த வழக்கமோ அதனிலும் மிகப் பழையது. பண்டைக் காலத்துக் கப்பல்களிலே வணிகர் தம் சரக்கோடு தாமும் பயணஞ் செய்தனர். ஒரே மரக்கலத்திலே பலருடைய பொருள்கள் அடுக்கப்பட்டிருந்தன. புயல் வந்து கப்பல் தாழுமாயின், பாரத்தைக் குறைத்தாலன்றி எவரும் பிழைத்தல் அரிது. அவ்வேளையிலே எவருடைய பொருளை எறிவது? மேலே இருப்பதையோ, கைக்கு எட்டுவதையோ எறிவதே இயல்பு. கீழ்த்தட்டிலே இருந்த பொருளுக்குரியவர் தப்பினார், மேல்தட்டிலே இருந்த பொருளுக்குரியவர் அழிந்தார் என்று விடுவது நீதியாகுமா? எல்லோருக்காகவும் இழக்கப்பட்டதை எல்லோரும் சேர்ந்தே ஈடுசெய்ய வேண்டும் என்பதே கடலோர் கண்ட விடை.

அந்த விதி கிரேக்கத் தீவாகிய ரோட்ஸின் பெயரால் வழங்கியது. உரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்து, 533ஆம் ஆண்டிலே சட்டமாக்கிய ‘டைஜெஸ்ட்’ என்னும் பெருநூலின் 14ஆம் புத்தகத்திலே, கடலில் எறிதல் பற்றிய ரோட்ஸியச் சட்டத்துக்கென ஒரு தனித் தலைப்பே உண்டு. பவுலுஸ் என்னும் சட்டவறிஞரின் உரை அங்கே முதலிடம் பெற்றுள்ளது. பொருளை இழந்தவர் கப்பற்றலைவன்மீது வழக்கிடுவார். தலைவன் தப்பிய சரக்குக்குரியவர்களிடமிருந்து பங்கைப் பெறுவான். பங்கு கொடுக்கும்வரை அவர்களுடைய சரக்கை அவன் தடுத்து வைத்திருக்கலாம். ஈராயிரம் ஆண்டுகள் சென்ற பின்னரும் கப்பல் முகவர் சரக்கை விடுவிக்க மறுப்பது இவ்வுரிமையைக் கொண்டேயாகும்.

கணக்கின் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கப்பலின் பெறுமதி 40 இலட்சம் ரூபா எனக் கொள்க. அதிலே மூன்று வணிகரின் சரக்குகள் உள்ளன: முதல்வருடையது 30 இலட்சம், இரண்டாமவருடையது 20 இலட்சம், மூன்றாமவருடையது 10 இலட்சம். ஆகமொத்தம் 100 இலட்சம். புயலிலே மூன்றாமவரின் சரக்கு முழுவதும் எறியப்பட்டு, மற்றவை கரைசேர்ந்தன. நட்டம் மொத்தப் பெறுமதியிலே பத்திலொன்று. எனவே கப்பலுக்குரியவர் 4 இலட்சமும், முதல் வணிகர் 3 இலட்சமும், இரண்டாமவர் 2 இலட்சமும் கொடுப்பர். சரக்கை இழந்தவருக்கு 9 இலட்சம் கிடைக்கும். அவருடைய முழு 10 இலட்சமும் ஏன் கிடைப்பதில்லை? அவரும் அப்பயணத்தின் பங்காளியாதலால், பத்திலொரு பங்கை அவரும் சுமக்கவேண்டும். இழந்தவரும் இழவாதவரும் ஒரே விகிதத்திலே நட்டமடைந்து கரையிறங்குவர். இவ்வாறு நட்டத்தை விகிதப்படி பரப்புதலே பிற்காலத்தில் ‘ஜெனரல் அவரேஜ்’ எனப்பட்டது. தமிழிலே இதனைப் ‘பொதுச் சராசரி’ என்று மொழிபெயர்த்தால் ஒருவருக்கும் விளங்காது. பொது நட்டப் பங்கீடு என்றலே பொருத்தமாகும்.

இவ்விதி ஒரு நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. யூதரின் தல்மூத் நூலிலும், புயலிலே கப்பலின் பாரத்தைக் குறைப்பது பற்றிய விதி உண்டு. ஆனால் அங்கே பங்கு, பொருளின் விலையைக் கொண்டு கணிக்கப்படுவதில்லை. எடையைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. கப்பலைத் தாழ்த்துவது பாரமேயன்றி விலையன்று என்பது அவர்களது நியாயம். பொன் வைத்திருந்தவனுக்கு இது வாய்ப்பானது. இரும்பு ஏற்றியவனுக்கு வாய்ப்பற்றது. நீதி என்பது எந்த அளவுகோலால் அளக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து, யார் எவ்வளவு கொடுப்பது என்பதும் மாறும் என்பதற்கு இதனிலும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இந்துசமுத்திரத்தின் கீழ்க்கரையிலும் இவ்வழக்கம் நிலவியது. தமிழ் வணிகரும், குசராத்தியரும், சாவகரும், சீனரும் கூடிய மலாக்கா துறைமுகத்திலே, 15ஆம் நூற்றாண்டளவில் எழுந்த கடற்சட்டத் தொகுப்பு ஒன்று உண்டு. மலாய் மொழியிலமைந்த அத்தொகுப்பு, புயற்காலத்திலே சரக்கை எறியுமுன் கப்பலிலுள்ள பொருட்காரரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றும், எறிதலின் சுமை அவரவர் சரக்கின் அளவுக்கேற்ப அமைய வேண்டும் என்றும் விதிக்கின்றது. கலந்தாலோசித்தல் என்னும் இந்நிபந்தனை ஐரோப்பாவின் மேற்குக் கரையிலும் காணப்படுகின்றது. பிரெஞ்சுத் தீவாகிய ஒலெரோனின் பெயரால் வழங்கும் இடைக்காலச் சட்டப்படி, கப்பற்றலைவன் முதலிலே வணிகரின் இசைவைக் கேட்டல் வேண்டும். அவர்கள் இசையாவிடினும் ஆபத்து மிகுமாயின் எறியலாம். ஆனால் கரைசேர்ந்த பின்னர், கப்பலையும் சரக்கையும் உயிரையும் காக்கவே அவ்வாறு செய்ததாகத் தன் மாலுமிகள் சிலரோடு வேதநூலின்மீது சத்தியஞ் செய்தல் வேண்டும். கற்றலான் மொழியிலுள்ள பார்சிலோனாக் கடற்சட்டமோ, வணிகரே முதற்பொருளைத் தம் கையால் எறிந்து தொடக்கிவைக்க வேண்டும் என்றது. எறிதல் களவுமன்று, கொள்ளையுமன்று, எல்லோருக்குமாகச் செய்த தியாகமே என்பதை நிறுவுதற்கே இச்சடங்குகள் அனைத்தும் ஏற்பட்டன.

காலஞ் செல்லச் செல்லச் சொல்லின் பரப்பும் விரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய அரசு, அமெரிக்காவிலிருந்து வெள்ளி ஏற்றிவரும் கப்பல்களைக் கடற்கொள்ளையரிடமிருந்து காக்கப் போர்க்கப்பல்களைத் துணையனுப்பியது. அதற்கான செலவை வணிகரிடமிருந்து விகிதப்படி அறவிட்டது. அவ்வரியின் பெயரும் ‘அவெரியா’ என்பதே. சேதத்தைக் குறித்த சொல், சேதம் வராமற் காப்பதற்கான வரியைக் குறிக்கலாயிற்று. ஆங்கிலத் துறைமுகங்களிலே வழிகாட்டிக் கட்டணம், துறைக்கட்டணம் முதலிய சில்லறைச் செலவுகளைப் பங்கிடுவதும் ‘சிறு அவரேஜ்’ எனப்பட்டது. பழைய சரக்கேற்றுப் பத்திரங்களில் ‘வழக்கமான அவரேஜ்’ எனக் கூலியோடு சேர்த்து எழுதப்பட்டது இதனையே.

காப்புறுதி என்பது வணிகத்திலே வேரூன்றிய பின்னர், இச்சொல்லுக்கு இன்னுமொரு கிளை தோன்றியது. எல்லோருக்குமாகச் செய்த இழப்பு ‘ஜெனரல் அவரேஜ்’ எனின், தற்செயலாக ஒருவருடைய சரக்குக்கு மட்டும் நேர்ந்த பகுதிச் சேதத்துக்கு என்ன பெயர்? அது ‘பர்ட்டிகியூலர் அவரேஜ்’, அதாவது தனி நட்டம் எனப்பட்டது. மழைநீர் புகுந்து சீனி கரைந்தால், அது சீனிக்காரரின் நட்டமே. மற்றவர் பங்கு கொடார். அவர் தம் காப்புறுதியாளரிடமே செல்லுதல் வேண்டும். இங்கேதான் சொல்லின் பொருள் தலைகீழாயிற்று. பங்கிடப்படுவதற்குப் பெயராயிருந்த சொல், பங்கிடப்படாததற்கும் பெயராயிற்று.

காப்புறுதியாளரோ எல்லாத் தனி நட்டங்களையும் ஏற்க விரும்பவில்லை. தானியமும் மீனும் பழமும் கடற்பயணத்திலே இயல்பாகவே கெடக்கூடியவை. கெட்டது புயலாலா, பொருளின் குணத்தாலா என்பதை யார் அறிவார்? எனவே 1749ஆம் ஆண்டில் இலண்டன் காப்புறுதியாளர் தம் பத்திரத்தின் அடியிலே ஒரு குறிப்பைச் சேர்த்தனர். அதன்படி தானியம், மீன், உப்பு, பழம், மா, விதை என்பவற்றின் பகுதிச் சேதத்துக்கு இழப்பீடு இல்லை; சீனி, புகையிலை, சணல், தோல் முதலியவற்றுக்கு நூற்றுக்கு 5 வீதத்துக்குக் குறைந்த சேதத்துக்கு இல்லை; ஏனைய பொருள்களுக்கு நூற்றுக்கு 3 வீதத்துக்குக் குறைந்த சேதத்துக்கு இல்லை. பொது நட்டப் பங்கீடும், கப்பல் தரைதட்டுதலும் மாத்திரம் இதற்கு விலக்கு. லொயிட்ஸ் காப்புறுதிச் சங்கத்தினர் 1779ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்ட பத்திர வாசகத்திலும் இக்குறிப்பு இடம்பெற்றது. அந்த வாசகம் 1980களின் தொடக்கம் வரை, இருநூறாண்டுகளுக்கு மேலாக வழக்கிலிருந்தது. 1982ஆம் ஆண்டிலே ஏ, பி, சி எனப் பெயரிய புதிய சரக்கு விதிகள் வகுக்கப்பட்ட பின்னரே, ‘தனி அவரேஜ் நீங்கலாக’ என்ற பழந்தொடர் சரக்குப் பத்திரங்களிலிருந்து மறைந்தது.

இவ்வரலாற்றிலே மிக இருண்ட பக்கமும் ஒன்றுண்டு. எறியப்படும் பொருள் எது, எறியலாகாதது எது என்னும் கேள்விக்கு உரோமச் சட்டம் முன்னரே ஒரு விடை கூறியிருந்தது. சுதந்திர மனிதரின் உடலுக்கு விலை மதித்தல் இயலாது. ஆதலால் கப்பலில் வந்த பயணிகள் தம் உயிருக்காகப் பங்கு கொடுக்க வேண்டுவதில்லை. ஆனால், சுதந்திரர் என்னும் அடைமொழியிலேயே ஆபத்து மறைந்திருந்தது. அடிமைகள் மனிதராகவன்றிப் பொருளாகவே கருதப்பட்டனர்.

1781ஆம் ஆண்டில் ‘ஸோங்’ என்னும் கப்பல், ஆபிரிக்கக் கரையிலிருந்து 442 அடிமைகளை நெருக்கி ஏற்றிக்கொண்டு யமெய்க்காவை நோக்கிச் சென்றது. அதன் உரிமையாளர் லிவர்பூல் நகரத்து வணிகர் குழுவொன்றினர். அடிமை ஒருவருக்கு 30 பவுண் வீதம் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. வழிதவறிப் பயணம் நீண்டது. நோயாற் பலர் இறந்தனர். நோயால் இறந்தவருக்குக் காப்புறுதிப் பணம் கிடையாது. கடலில் எறியப்பட்டவருக்கோ கிடைக்கக்கூடும். அவ்வாண்டு நவம்பர் மாத இறுதியிலே தொடங்கிச் சில நாள்களுக்குள் 130க்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் சிறுவரும் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். குடிநீர் போதாமையால் எஞ்சியோரைக் காப்பதற்காகவே அவ்வாறு செய்ததாகக் கப்பலார் கூறினர். கப்பல் கரைசேர்ந்தபோதோ அதிலே 400 கலனுக்கு மேலாகக் குடிநீர் இருந்தது.

1783ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த வழக்கிலே, கொலைக் குற்றத்தை எவரும் விசாரிக்கவில்லை. காப்புறுதியாளர் பணங்கொடுக்கக் கடமைப்பட்டவரா என்பதே வழக்கு. ஒரு பகுதியைக் காக்க மறுபகுதியை எறிதல் என்னும் பழைய கடல் நியாயமே அங்கே வாதமாக நின்றது. ஜூரிமார் கப்பலுரிமையாளர் பக்கமே தீர்ப்பளித்தனர். விடுதலை பெற்ற ஆபிரிக்கராகிய ஒலௌடா எக்குவியானோ, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய கிரான்வில் ஷார்ப்பிடம் இச்செய்தியை அறிவித்தார். மறுவிசாரணைக்கான விண்ணப்பத்தைக் கேட்ட மான்ஸ்ஃபீல்ட் பிரபு, எறிதல் முடியுமுன்னரே மழை பெய்திருந்தது என்னும் சாட்சியத்தைக் கருதி, வழக்கை மீண்டும் விசாரிக்கக் கட்டளையிட்டார். அத்தகைய விசாரணை நடந்ததற்குப் பதிவு இல்லை. ஆயினும் இவ்வழக்கு ஆங்கில மக்களின் மனச்சாட்சியைத் தொட்டது. 1788ஆம் ஆண்டு முதலாக அடிமைக் கப்பல்களையும் அவற்றின் காப்புறுதியையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. 1807ஆம் ஆண்டில் பிரித்தானியா அடிமை வியாபாரத்தையே சட்டத்தால் ஒழித்தது.

ஸோங் வழக்கு நடந்த அந்நூற்றாண்டிலேதான், ‘அவரேஜ்’ என்னும் சொல் கப்பற்றுறையை விட்டுக் கணக்கறைக்குள் முற்றாகக் குடிபுகுந்தது. நட்டத்தைப் பலர்மீது விகிதப்படி பரப்பும் கணக்காளர், மொத்தத்தைக் கூட்டி வகுத்தலிலேயே நாள் முழுவதையும் செலவிட்டனர். ஆதலால், அவர் செய்த தொழிலின் பெயர் அவர் கண்ட விடைக்கு ஆகுபெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர், பல தொகைகளின் நடுவான மதிப்பு என்ற பொருளிலே ஆங்கில எழுத்தாளர் அச்சொல்லைத் தாராளமாக வழங்கினர். ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில், தானிய விலையையும் கூலியையும் ஆராயும் இடங்களில் அச்சொல் இப்பொருளிலே பன்முறை வருகின்றது.

ஐரோப்பிய மொழிகளுள் ஆங்கிலமே இவ்வாறு வழிமாறியது என்பது கருதத்தக்கது. பிரெஞ்சு மொழியிலே ‘அவாரி’ இன்றும் சேதமே; பழுதான பழத்துக்கும் அவ்வேரிலிருந்து வந்த சொல்லையே வழங்குவர். இத்தாலியிலும் ஸ்பானியாவிலும் இயந்திரம் பழுதாகி நிற்பதை இச்சொல்லாற் குறிப்பர். அங்கெல்லாம் கணிதச் சராசரிக்கு வேறு சொற்கள் உண்டு. பெல்ஜிய அறிஞர் கெற்றிலே 1835ஆம் ஆண்டில், சமுதாயத்தின் நடுவான மனிதன் என்னும் கருத்தைப் பிரெஞ்சிலே வெளியிட்டபோது, ‘அவாரி’ என்னும் சொல் அவர் கனவிலும் தோன்றியிராது. ஆங்கிலத்திலே அதுவே ‘அவரேஜ் மனிதன்’ என்றாயிற்று. சொல்லின் மூலத்தைக் கருதினால் அதற்குச் சேதமுற்ற மனிதன் என்பதே பொருளாகும். ஆங்கிலேயர் எவரும் அவ்வாறு எண்ணியதில்லை.

தமிழ்ச் சொல்லாகிய சராசரி வந்த வழி வேறு. பாரசீக மொழியிலே ‘சர்’ என்பது தலை. சர்க்கார், சர்தார் என்னும் சொற்களிலே வருவதும் அதுவே. ‘சராசர்’ என்றால் ஒரு தலையிலிருந்து மறுதலைவரை, அதாவது முழுவதும் என்பது பொருள். அதிலிருந்து பிறந்த சராசரி, இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆங்கிலச் சொல் கடலிலே சேதத்தைக் கண்டு பிறந்தது. தமிழிலே வழங்கும் சொல் முழுமையை ஒருங்கே நோக்குதலிற் பிறந்தது. இரண்டும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

சொல் கணிதத்துக்குச் சென்றதனால் கடலிலே அதன் பணி குன்றவில்லை. நீராவிக் கப்பல்கள் நாடுவிட்டு நாடு சரக்கேற்றிய காலத்தில், ஒவ்வொரு நாட்டிலும் பங்கீட்டு விதி வெவ்வேறாயிருந்தமை பெருங் குழப்பத்தை விளைத்தது. அக்குழப்பத்தைத் தீர்க்க 1860ஆம் ஆண்டில் கிளாஸ்கோவிலும், 1864ஆம் ஆண்டில் யோர்க் நகரிலும், 1877ஆம் ஆண்டில் அன்ற்வேர்ப் நகரிலும் வணிகரும் கப்பலுரிமையாளரும் காப்புறுதியாளரும் கூடினர். அங்கு உருவான யோர்க்–அன்ற்வேர்ப் விதிகள் எந்த அரசும் இயற்றிய சட்டமல்ல. சரக்கேற்றுப் பத்திரத்திலே ஒரு வரியாகச் சேர்க்கப்படுவதனாலேயே அவை வலிமை பெறுகின்றன. காலத்துக்கேற்பப் பலமுறை திருத்தப்பட்டு, 2016ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலும் புதுப்பிக்கப்பட்டன. ஆபத்து உண்மையானதாயிருத்தல் வேண்டும். இழப்பு வழக்கத்துக்கு மாறானதாயிருத்தல் வேண்டும். அது வேண்டுமென்றே, நியாயமான முறையிலே, பொது நலனுக்காகச் செய்யப்பட்டதாயிருத்தல் வேண்டும். இவையே அவ்விதிகளின் சாரம். இப்பங்கீட்டைக் கணிப்பதற்கெனத் தனித் தொழில்வல்லுநரும் தோன்றினர்; இங்கிலாந்திலே அவர்களுடைய சங்கம் 1869ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

இலங்கைக்கு இவ்விதி இரு வழிகளால் வந்தது. ஒல்லாந்தர் ஆட்சியிலே கரையோரப் பகுதிகளில் நிலைபெற்ற உரோம–ஒல்லாந்தச் சட்டம், டைஜெஸ்ட் நூலையே அடிப்படையாகக் கொண்டது. லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யொஹான்னஸ் வூற் அந்நூலின் தலைப்புகளைப் பின்பற்றி எழுதிய பேருரை இலங்கை நீதிமன்றங்களிலே இன்றும் எடுத்தாளப்படுவது. இரண்டாவது வழி ஆங்கிலச் சட்டம். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கப்பல் பற்றிய விடயங்களில் இங்கிலாந்தின் சட்டமே இத்தீவில் வழங்கும் என விதித்தது. ரோட்ஸியரின் விதி, இவ்வாறு லெய்டன் வழியாகவும் இலண்டன் வழியாகவும் கொழும்பை அடைந்தது.

தீக்காப்புறுதியிலே இச்சொல் பெறும் பொருளே பொதுமக்களை நேரிலே தாக்குவது. அங்கே ‘அவரேஜ் நிபந்தனை’ என ஒரு வாசகம் உண்டு. உண்மைப் பெறுமதியிலும் குறைந்த தொகைக்குக் காப்புறுதி செய்தவர், குறைந்த பங்குக்குத் தாமே தமக்குக் காப்புறுதியாளராகக் கருதப்படுவார் என்பது அதன் கருத்து. ஒரு கடையின் சரக்கு ஒரு கோடி ரூபா பெறும். கடைக்காரர் தவணைப்பணத்தைக் குறைக்க எண்ணி, 50 இலட்சத்துக்கே காப்புறுதி செய்கின்றார். தீயிலே 40 இலட்சம் பெறுமதியான சரக்கு அழிகின்றது. அழிந்தது 40 இலட்சம், காப்புறுதியோ 50 இலட்சம், ஆகவே முழுவதும் கிடைக்கும் என அவர் எண்ணுவார். கிடைப்பதோ 20 இலட்சமே. பாதிக்குக் காப்புறுதி செய்தவருக்குப் பாதி நட்டமே உரியது.

இது காப்புறுதியாளரின் சூழ்ச்சி எனப் பலர் குறைகூறுவர். ஆனால் பழைய கடற்கணக்கின் நியாயமே இங்கும் உள்ளது. கடலிலே கப்பலும் சரக்கும் ஒன்றாகப் பயணஞ் செய்தன. இங்கே காப்புறுதி செய்த பாதியும் செய்யாத பாதியும் ஒரே கூரையின்கீழ் உள்ளன. தீ எந்தப் பாதியை எரித்தது என்று கூற இயலாதாகையால், நட்டம் இரண்டின்மீதும் விகிதப்படி விழுகின்றது. நியாயம் சரியாயினும், அறியாதவருக்கு அது இடியாகவே விழும். விலைவாசி ஏறுங் காலத்திலே இவ்வாபத்து எவரும் காணாமலே வளர்கின்றது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாவாயிருந்த நாணய விகிதம், சில மாதங்களுக்குள் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிச் சரக்கின் விலையும், வீடு கட்டும் பொருள்களின் விலையும் ஏறின. பழைய தொகையிலேயே பத்திரத்தைப் புதுப்பித்தவர் முன்னர் முழுக் காப்புறுதி உடையவராயிருந்தும், தாமறியாமலே அரைக் காப்புறுதியாளராயினர். ஆண்டுதோறும் பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது பெறுமதியையும் திருத்திக்கொள்ளுதல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது.

கடற்பங்கீடும் பழங்கதையாகிவிடவில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள், 400 மீற்றர் நீளமுள்ள ‘எவர் கிவன்’ என்னும் கப்பல் சுயெஸ் கால்வாயிலே குறுக்காகச் சிக்கியது. ஆறு நாள்களின் பின் அது மிதக்கவிடப்பட்டது. அதனை மீட்ட செலவைக் கப்பலுரிமையாளர் பொது நட்டமென அறிவித்தனர். அக்கப்பலிலே சுமார் 18,300 கொள்கலன்கள் இருந்தன. ரோட்ஸியர் காலத்திலே பங்காளிகள் ஒரு தட்டிலே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கினர். இக்காலத்திலோ அவர்கள் பல நாடுகளிலே, ஒருவரையொருவர் அறியாது, தம் சரக்கு எந்தக் கப்பலில் உள்ளது என்பதையும் அறியாது இருக்கின்றனர். காப்புறுதி உடையவரின் பங்குக்குக் காப்புறுதியாளர் பிணைநிற்பர். காப்புறுதியற்ற சிறுவணிகர், தம் சரக்குக்கு ஒரு கீறலும் நேராதபோதிலும், வைப்புப் பணம் கட்டினாலன்றி அதனைப் பெறமுடியாது. இறுதிக் கணக்குத் தீர ஆண்டுகள் பல செல்லும்.

2024ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் அதிகாலையிலே, ‘டாலி’ என்னும் கப்பல் அமெரிக்காவின் பால்ற்றிமோர் துறைமுகத்தை விட்டுக் கொழும்பை நோக்கிப் புறப்பட்டது. மின்சாரம் அற்றுப்போய், கட்டுப்பாடிழந்து, அங்குள்ள பெரும்பாலத்தின் தூணிலே மோதியது. பாலம் வீழ்ந்தது. இரவு வேளையிலே பாலத்தின் வீதியைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் மத்திய அமெரிக்காவிலிருந்தும் மெக்சிக்கோவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். அடுத்த மாதமே பொது நட்டம் அறிவிக்கப்பட்டு, கப்பலிலிருந்த சுமார் 4,700 கொள்கலன்களுக்குரியோர் பங்குக்குப் பிணைகொடுக்க அழைக்கப்பட்டனர்.

அப்பங்கீட்டுக் கணக்கிலே கப்பலுக்கு ஒரு பெறுமதி உண்டு; கொள்கலனுக்கு ஒரு பெறுமதி உண்டு; எரிபொருளுக்கும் உண்டு. இறந்த அறுவரின் உயிர் அதிலே இடம்பெறுவதில்லை. உயிரிழப்பிற்கான ஈடு வேறு சட்டத்தின்படி, வேறு நீதிமன்றத்திலே கேட்கப்படுவது. மனிதருக்கு விலை மதித்தல் இயலாது என்னும் பழைய உரோம நியாயம் இங்கே இருவகையாகவும் நிற்கின்றது. மனிதர் சரக்கல்லர் என்பதால் அவர்கள் கணக்கிலே சேரார். சேராமையால், பங்காளிகள் தம் நட்டத்தைத் தீர்த்துக்கொள்ளும் வேளையிலே அவர்களைப் பற்றிப் பேச எவருக்கும் அவசியமில்லை. ஸோங் கப்பலிலே மனிதர் கணக்குக்குள் இழுக்கப்பட்டமையால் நேர்ந்த கொடுமையை அறிந்தோர், இவ்விலக்கு வேண்டியதே என்பர். ஆயினும் கணக்குத் தீர்ந்தது என்பதனால் நட்டமும் தீர்ந்தது என்றாகாது.

நடுத்தரம், சாதாரணம் என்னும் பொருளிலே இன்று உலகெங்கும் வழங்கும் ‘அவரேஜ்’, ஒரு காலத்திலே மிக அசாதாரணமான ஒரு வேளைக்கு உரிய சொல்லாயிருந்தது. புயலிலே ஒருவரின் பொருளை எறிந்து எல்லோரும் பிழைத்தபோது, பிழைத்தவர் கடன்பட்டவர் என்பதை அது நினைவூட்டியது. காப்புறுதி என்னும் பெருந்தொழில் தோன்றுவதற்கு மிக முன்னரே, தவணைப்பணமும் பத்திரமும் முகவருமின்றி, கடலிலே ஒன்றுசேர்ந்தோர் தமக்குள் ஏற்படுத்திக்கொண்ட காப்புறுதி அதுவேயாகும். கடையிலோ வீட்டிலோ உள்ள காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, சிறிய எழுத்திலே அச்சிட்ட நிபந்தனைகளைப் படிப்போர் அச்சொல்லை அங்கே காண்பர். அதன் அருகிலே எழுதப்பட்டுள்ள தொகை, பொருளின் இன்றைய பெறுமதிக்கு ஒத்ததா என்பதையும் அப்பொழுதே பார்த்துக்கொள்ளுதல் நன்று.